பயிற்சியாளரைக் கொன்ற ஓர்காவை ஏன் கொல்லவில்லை? மக்கள் ஏன் அதன் பக்கம் நின்றார்கள்?

கேட்கப்பட்டிருப்பது, 2010-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள சீவேர்ல்ட் என்ற கடல் விலங்குக் காட்சிப் பூங்காவில் டான் பிரான்ஷோ என்ற பயிற்சியாளர் இறந்த விபத்தைப் பற்றி. கொலையாளித் திமிங்கிலம் எனப்படும் அந்த ஓர்காவின் பக்கம் மக்கள் முதல் நாளிலிருந்தே நிற்கவில்லை. அந்த மாற்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதைக் கொண்டுவந்ததில் கண்ணீரைவிட ஆவணங்களுக்கே பங்கு அதிகம்.

பிப்ரவரி 24 அன்று மதியக் காட்சி முடிந்த பிறகு, குளத்தின் ஓரத்தில் சில அங்குலத் தண்ணீரே நிற்கும் மேடையில் அவர் படுத்திருந்தார். எதிரே திலிக்கும் என்ற அந்த ஓர்கா. ஏறத்தாழ 5,400 கிலோ எடை, ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். அது அவரைக் கவ்வி உள்ளே இழுத்துவிட்டது. மற்றவர்கள் தண்ணீரைத் தட்டித் திரும்ப அழைக்கும் சைகை கொடுத்தார்கள், மீனைக் காட்டினார்கள், வலை வீசினார்கள். எதற்கும் அது விடவில்லை. ஒவ்வொரு குளமாக நகர்த்தி, அடித்தளத்தை மேலே தூக்கக்கூடிய மருத்துவக் குளத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் உடலை மீட்க முடிந்தது. விசில், சைகை, மீன் என்ற பயிற்சி முறை முழுவதும் ஓர்கா ஒத்துழைக்கும் என்ற நம்பிக்கையில் நிற்பது. அது மறுத்துவிட்டால் மனிதர் கையில் வேறு கருவி கிடையாது.

முதல் சச்சரவு 'எப்படி நடந்தது' என்பதில்தான். கால் தவறி விழுந்தார் என்றது காவல்துறையின் முதல் தகவல். இடுப்பைக் கவ்வியது என்றார் பார்வையாளர் ஒருவர். தொங்கிய போனிடெயில் முடியைப் பிடித்து இழுத்தது என்றது நிறுவனம். கையைத்தான் பிடித்தது என்று பின்னாளில் வேறு சாட்சியமும் வந்தது. இந்த விவாதம் எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. காரணம் முடிதான் என்றால், கொண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று பழி முழுவதும் இறந்தவர் தலையில் விழுகிறது. குளத்தின் அமைப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

கொல்லச் சொன்னவர்களும் இருந்தார்கள். அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த ஒருவர், பைபிளின் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தைக் காட்டி, மனிதனைக் கொன்ற மாட்டுக்கு விதித்த மரண தண்டனை இதற்கும் பொருந்தும் என்று எழுதினார். அதே பகுதியில் அடுத்த வசனமும் இருக்கிறது: அது முட்டுகிற மாடு என்று தெரிந்தும் கட்டி வைக்காத சொந்தக்காரனே குற்றவாளி. அதையும் அவர் சுட்டிக்காட்டியிருந்தார். பொதுமக்கள் கோபம் பின்னால் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான்.

ஏனென்றால் திலிக்குமின் பழைய கணக்கு வெளியே வந்தது. 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் இரண்டு வயதளவில் பிடிபட்டது. கனடாவின் விக்டோரியா அருகே இருந்த சீலேண்ட் என்ற பூங்காவில், இரவில் இரண்டு பெண் ஓர்காக்களோடு ஒரு சிறிய இரும்புக் கொட்டடியில் அடைபட்டது. அவை பல்லால் கீறிய தழும்புகள் அதன் தோலில் இருந்தன. 1991-இல் அந்தக் குளத்தில் தவறி விழுந்த இளம் பயிற்சியாளரை மூன்றும் சேர்ந்து மூழ்கடித்தன. மறு ஆண்டு ஆர்லாண்டோவுக்கு வந்தது. 1999-இல், பூங்கா மூடிய பிறகு உள்ளே தங்கிவிட்ட ஒருவர் காலையில் அதன் மேல் பிணமாகக் கிடந்தார். இதனால்தான் திலிக்குமோடு யாரும் நீந்தக் கூடாது என்று தனி விதியே இருந்தது. ஆபத்து தெரியாது என்று அதன்பின் எப்படிச் சொல்ல முடியும்?

வேறு இடங்களிலும் எச்சரிக்கை வந்திருந்தது. 2006-இல் சான் டியேகோவில் கசாட்கா என்ற ஓர்கா ஒரு பயிற்சியாளரின் காலைக் கவ்வி அடி ஆழம் வரை இழுத்துப்போனது. பதறாமல் இருந்ததால் பிழைத்தார். 2009 டிசம்பர் 24 அன்று, ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில், சீவேர்ல்டுக்குச் சொந்தமான கெட்டோ என்ற ஓர்கா ஒரு பயிற்சியாளரைக் கொன்றது. ஆர்லாண்டோ மரணத்துக்கு இரண்டே மாதம் முன்பு! இயற்கைக் கடலிலோ ஓர்கா மனிதரைக் கொன்றதாக ஒரு பதிவும் இல்லை.

ஆனாலும் மூன்றே நாளில் ஓர்கா காட்சி மீண்டும் தொடங்கியது, கூட்டமும் வந்தது. 2011 மார்ச்சில் திலிக்குமும் மேடைக்குத் திரும்பியது. சத்தம் போடாமல் நடந்த வேலை தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷாவுடையது. 75,000 டாலர் அபராதம் விதித்தார்கள். நீதிபதி அதை 12,000 ஆகக் குறைத்தார், நிறுவனம் வேண்டுமென்றே விதியை மீறியது என்பதில் இருந்த 'வேண்டுமென்றே' என்ற சொல்லையும் நீக்கினார். தொகை அந்த நிறுவனத்துக்குத் தூசு. ஆனால் கூடவே வந்த நிபந்தனை தூசு அல்ல: காட்சிகளில் பயிற்சியாளருக்கும் ஓர்காவுக்கும் நடுவே தடுப்பு வேண்டும், அல்லது போதிய தூரம் வேண்டும். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று இதை உறுதி செய்தது. முதுகில் ஏறிப் பாயும் காட்சிகளுக்கு இனி வழி இல்லாமல் போனது.

மக்கள் கோபம் பெரிதாக வெடித்தது 2013-இல், திலிக்கும் பற்றிய 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் வந்து, சிஎன்என்னிலும் ஒளிபரப்பான பிறகுதான். சீவேர்ல்டில் பாட இருந்த இசைக்குழுக்கள் வரிசையாக நிகழ்ச்சிகளை ரத்து செய்தன. சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தோடு இருந்த நெடுநாள் கூட்டும் முடிந்தது. 2014 ஆகஸ்டில் ஒரே நாளில் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2016 மார்ச்சில், இனி ஓர்கா இனப்பெருக்கம் இல்லை என்று சீவேர்ல்டே அறிவித்தது.

சரி, ஏன் கொல்லவுமில்லை, விடவுமில்லை? கொல்லாததற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. 21 குட்டிகளின் தகப்பன் அது. நிறுவனத்தின் முக்கியமான இனவிருத்தி ஆண். விடுவது உணர்ச்சியால் ஆகிற காரியமும் இல்லை. இரும்புக் கதவைக் கடித்துக் கடித்து அதன் பற்கள் தேய்ந்து துளையிடப்பட்டிருந்தன. அவற்றைத் தினமும் கழுவ ஆள் வேண்டும். வேட்டையாடத் தெரியாது. சேர்ந்து வாழக் குடும்பமும் இல்லை. இதேபோல் அடைபட்டிருந்து 2002-இல் கடலுக்குப் போன கெய்கோ என்ற ஓர்கா, பல ஆண்டுத் தயாரிப்புக்குப் பிறகும் மனிதரைத் தேடி நார்வே கரைக்கே வந்து, 2003 டிசம்பரில் இறந்தது. கடலோரத்தில் வலை அடைப்புக் கட்டி, உணவும் மருத்துவரும் தொடர்ந்து கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி என்பேன். திலிக்குமுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2017 ஜனவரி 6 அன்று ஆர்லாண்டோ குளத்திலேயே இறந்தது. நுரையீரலில் பாக்டீரியா தொற்று இருந்தது.