டப்பா வாங்கிட்டு வர்ற பொண்ணுக்கு யாரு சம்பளம் குடுப்பா?

அன்புள்ள அக்கா,

பெரம்பூர்லேர்ந்து எழுதறேன், ஐடி வேலை. அப்பாவுக்கு ரொம்ப நாளா வயித்துக் கோளாறு. அத பத்தி தேடிப் படிக்கப் போயி குடல் பாக்டீரியா, அதுங்களோட மொத்தக் கூட்டத்துக்குப் பேரு மைக்ரோபயோம்னு இழுத்துட்டுப் போயிடுச்சு. நம்ம ஊர்ல இந்த ஆராய்ச்சிக்கு ஏன் பணமே போட மாட்டேங்கறாங்க? மாசம் 500 ரூபா குடுக்க நான் ரெடி, எங்க குடுக்கறது? ஆன்லைன்ல விக்கற குடல் பாக்டீரியா டெஸ்ட் கிட் வாங்கி அப்பாவுக்குப் பாக்கலாமா? ஒண்ணு சொல்லியே ஆகணும், நம்ம பாட்டிங்க பழைய சோத்துலயே இதெல்லாம் கண்டுபிடிச்சிட்டாங்க, வெள்ளைக்காரன் இப்பதான் முழிச்சிருக்கான்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அப்பா இப்ப எப்படி இருக்காரு? சாப்பாடு இறங்குதா? முதல்ல ஒரு நல்ல குடல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கிட்டெல்லாம் வேணாம். கலர் கலரா வட்டம் போட்டு வாயில நுழையாத பேரா ஒரு ரிப்போர்ட் வரும், அத வச்சு டாக்டர் ஒண்ணும் பெருசா பண்ண முடியாது. ஏன்னா ஆரோக்கியமான குடல்னா இப்படித்தான் இருக்கும்னு இன்னும் யாரும் கோடு போடல, நம்ம ஊரு வயிறு அந்தக் கணக்குலயே சரியா வரல. ஆராய்ச்சிக்காரங்க யாரு வேணா எடுத்துப் பாக்கற மாதிரி பொதுவுல கிடக்கற மனுஷ மைக்ரோபயோம் சாம்பிள்ல, எந்த நாட்டோடதுன்னு தெரிஞ்சதுல, 70 சதவீதத்துக்கு மேல ஐரோப்பா, அமெரிக்கா, கனடாக்காரங்களோடதுன்னு 2022ல எண்ணிப் பாத்து எழுதினாங்க.

பாட்டி கண்டுபிடிச்சாங்கன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. பாட்டி மிச்ச சோத்துல தண்ணி ஊத்தினாங்க, வீணாக்கக் கூடாதுன்னு. காலைல வெங்காயத்தோட சாப்ட்டாங்க, நல்லா இருந்துச்சு. அவ்ளோதான் நமக்குத் தெரியும், மீதியெல்லாம் வாட்ஸப். கண்டுபிடிக்கறதுன்னா என்னன்னு வேலூர்ல பாருங்க. சிஎம்சி ஆஸ்பத்திரில டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் கூட இருந்தவங்களும் காலரா வந்தவங்களுக்குக் குடுக்கற உப்பு சர்க்கரைத் தண்ணில, சிறுகுடல்ல செரிக்காத ஒரு மக்காச்சோள மாவுச்சத்தக் கலந்து குடுத்தாங்க. அது பெருங்குடலுக்குப் போயி அங்க இருக்கற பாக்டீரியா அதப் புளிக்க வச்சு ஒரு வகை கொழுப்பு அமிலமா மாத்துது, அது இருந்தா குடல் உப்பையும் தண்ணியையும் திரும்ப இழுத்துக்குது, பேதி சீக்கிரம் நிக்குது. 48 பேர் வச்சு பண்ணி 2000ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கற பெரிய மருத்துவ இதழ்ல வந்துச்சு. எப்படி நிரூபிச்சாங்கன்னு நினைக்கறீங்க? போற பேதியப் பிடிச்சு எடை போட்டு போட்டு எழுதி வச்சுதான். ஆறின சோத்துலயும் அந்த மாதிரி மாவுச்சத்து கொஞ்சம் உண்டு, அதனால நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரில பழைய சோத்த ஆராய மாநில அரசு பணம் ஒதுக்கினப்ப நான் சந்தோஷப்பட்டேன். பெருமை பேசறவங்க ரிசல்ட்டப் பாக்கற வரைக்கும் கொஞ்சம் வாய மூடிட்டு இருக்கலாம், நீங்களும்தான்.

அரசு பணம் போடலைங்கறது பாதி சரி. அமெரிக்கால ஹியூமன் மைக்ரோபயோம் ப்ராஜெக்ட் ஒண்ணுக்கே 2007லேர்ந்து 2016க்குள்ள 20 கோடி டாலருக்கு மேல போட்டாங்க. நம்ம நாட்டுல எல்லா ஆராய்ச்சியும் சேத்தே 2020-21 கணக்குப்படி ஜிடிபில 0.64 சதவீதம். இத வச்சு எல்லாரும் கட்டுரை எழுதிட்டாங்க, நான் எழுதல.

நான் கொஞ்ச நாளா நினைச்சிட்டு இருக்கறது எங்க அத்தைய. சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் ரோட்ல 1956ல காசநோய் ஆராய்ச்சி மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சானடோரியத்துல படுக்க வச்சு நல்ல சாப்பாடு போட்டாதான் டிபி குணமாகும்னு உலகமே நம்பிட்டு இருந்தப்ப, மெட்ராஸ்ல ஒண்டுக்குடித்தன வீட்டுல இருந்துகிட்டே மாத்திரை சாப்ட்டாலும் குணமாகும்னு 1959ல காட்டினாங்க. உலகம் பூரா வைத்திய முறையே மாறிச்சு. ஆனா வீட்டுல இருக்கறவன் மாத்திரைய முழுங்கினானா ஜன்னல் வழியா எறிஞ்சானான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் சொல்லாம கொள்ளாம வீட்டுக்கே போயி மிச்ச மாத்திரைய எண்ணி, சிறுநீர் சாம்பிள் வாங்கிட்டு வரணும். அறுபதுகள்ல அத்தை அந்த வேலைதான் பாத்தாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பாட்டி அந்த சாம்பிள் வாங்கற துணிப்பைய வாசல் தாண்ட விடமாட்டாங்க, காலிப் பைதான்னு அத்தை எவ்வளவு சொன்னாலும் சரி, திண்ணைல ஆணில மாட்டிட்டு கைகால் கழுவிட்டுத்தான் உள்ள வரணும். ஆனா அத்தைக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துச்சு, பென்ஷன் வந்துச்சு.

இப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ஒரு காலேஜ்ல குடல் பாக்டீரியா ப்ராஜெக்ட்ல இருக்கா. மலம் எடுத்து வைக்க முதல் நாளே டப்பா குடுத்துட்டு மறுநாள் விடியக்காலைல வியாசர்பாடில வீடு வீடா போயி வாங்கணும், பாதிப் பேரு வெக்கப்பட்டு கதவையே திறக்க மாட்டாங்க, திறக்கறவங்க நாளைக்கு வாம்மாம்பாங்க. வாங்கினத ஐஸ் பெட்டில வச்சு மடில கட்டிப் பிடிச்சுகிட்டு ஷேர் ஆட்டோல வரணும், பக்கத்துல உக்காந்தவங்க மீனான்னு கேப்பாங்களாம். மெட்ராஸ் வெயில்ல அது கொஞ்ச நேரம் வெளிய கிடந்தாலும் சில பாக்டீரியா தாறுமாறா பெருகிடும், சிலது செத்துடும், அப்புறம் எத்தனை கோடிக்கு பாக்டீரியாவோட டிஎன்ஏவப் படிக்கற சீக்வென்ஸிங் மெஷின் வாங்கி வச்சாலும் அது படிக்கறது பொய்தான். அந்த மெஷினுக்கு ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்தாங்க. இவளுக்கு ஆறு மாச கான்ட்ராக்ட், அதுலயும் மூணு மாசமா சம்பளம் வரல, கேட்டா கிராண்ட்ல அடுத்த தவணை ரிலீஸ் ஆகலையாம். மெஷின் வாங்க பட்ஜெட்ல ஒரு தலைப்புல பணம் இருக்கும், கெமிக்கலுக்கு ஒரு தலைப்புல இருக்கும், ஆளுக்குன்னு வரும்போதுதான் கை நடுங்கும் இவங்களுக்கு. ஒரே குடும்பத்துக்கிட்ட ஒரு வருஷம் திரும்பத் திரும்ப போனாத்தான் இந்த ஆராய்ச்சிக்கே அர்த்தம், ஆறு மாசத்துக்கு ஒரு புது முகத்த அனுப்பினா எவன் கதவ திறப்பான், நீங்க திறப்பீங்களா? இந்த மாதிரி ஒரு பொண்ணு உங்க அபார்ட்மென்ட்டுக்கு வந்தா செக்யூரிட்டி கேட்டோடயே திருப்பி அனுப்புவான், நீங்க மேல பால்கனில நின்னு ஆராய்ச்சிக்கு ஆதரவே இல்லன்னு எனக்கு லெட்டர் அடிச்சிட்டு இருப்பீங்க.

கோவிச்சுக்காதீங்க, அப்பாவுக்காக இவ்ளோ தேடிப் படிக்கற பிள்ளை கிடைக்கறதே பெருசு.

அந்த 500 ரூபா பத்திக் கேட்டீங்கல்ல. எந்த காலேஜுக்கு வேணா குடுங்க, ஆனா இது சாம்பிள் எடுக்கற ஆளோட சம்பளத்துக்கு மட்டும்னு எழுத்துல கேளுங்க. அப்படி ஒரு தலைப்பே இல்ல சார்னு அக்கவுண்ட்ஸ்ல சொல்லுவாங்க. யாரு சொன்னாங்க, என்ன காரணம் சொன்னாங்கன்னு எனக்கு எழுதி அனுப்புங்க, அத நான் இங்க போடறேன்.