விஸ்காசிட்டி ஒரே எண்தானே, அதற்கு எதற்கு ரியோமீட்டர்?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு பெங்களூரு பீன்யாவில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் சேர்ந்திருக்கிறேன். ஜெல், சஸ்பென்ஷன், பாலிமர் என்று எதைக் கொடுத்தாலும் விஸ்காசிட்டி (பாகுத்தன்மை) பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு எண் தெரிந்தால் போதாதா, ரியோமீட்டர் எதற்கு? எங்களிடம் இருப்பது சாதாரண சுழல் விஸ்காமீட்டர்தான், அதை வைத்து ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா?

பதில்:

போதாது. ரியோமீட்டர் என்பது ஒரு சரக்கு பல வேகங்களில் எப்படி ஓடுகிறது, எப்படி நெளிகிறது என்று அளக்கும் கருவி. தண்ணீர், கிளிசரின், மெஷின் ஆயில் மாதிரி சரக்குக்கு ஒரு எண் போதும். 20 டிகிரியில் தண்ணீர் என்றால் 1 மில்லி பாஸ்கல் விநாடி. கலக்கினாலும் அதுதான், சும்மா வைத்தாலும் அதுதான். உங்கள் கைக்கு வரப்போகிற சரக்கு எதுவும் அவ்வளவு சாது கிடையாது. பொம்மசந்திராவில் ஒரு ஃபார்முலேஷன் லேபில் வேலை செய்கிறேன், யாராவது வந்து "இதோட விஸ்காசிட்டி 5000" என்றால் நான் திருப்பிக் கேட்பது: எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் அசையாமல் இருந்த பிறகு? முதல் இரண்டையாவது ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருப்பார்கள், மூன்றாவதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

உங்கள் பெயிண்டையே பாருங்கள். டப்பாவுக்குள் துகள் மெல்லக் கீழே இறங்கும்போது ஷியர் ரேட் (திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வேகம்) விநாடிக்கு 0.01-ஐ விடக் குறைவு. சுவரில் பூசியபின் வழியப் பார்க்கும்போது 1-க்குப் பக்கத்தில். பிரஷ்ஷால் இழுக்கும்போது சில ஆயிரம். ஒரே திரவம் இத்தனை வேகங்களையும் கடந்து போகிறது, ஒவ்வொன்றிலும் அதன் பாகுத்தன்மை வேறு. ஃபோர்டு கப்பில் (அடியில் ஓட்டை உள்ள கிண்ணம்) எத்தனை விநாடியில் வடிந்தது என்பது இந்த நீளமான கோட்டில் ஒரே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியில் அச்சு அசலாக ஒத்துப்போகும் இரண்டு பேட்ச், டப்பாவில் ஒன்று நன்றாக நிற்கும், இன்னொன்று அடியில் கட்டி தட்டிவிடும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். 10 மைக்ரான் விட்டமுள்ள கால்சியம் கார்பனேட் துகள், வெறும் தண்ணீரில், ஸ்டோக்ஸ் விதிப்படி மணிக்கு 33 செ.மீ. இறங்கும். அதே துகளைச் சுற்றியுள்ள திரவம் மிகக் குறைந்த ஷியரில் 100 பாஸ்கல் விநாடி இருந்தால், அதாவது தண்ணீரைப்போல் ஒரு லட்சம் மடங்கு, வருடத்துக்குச் சுமார் 3 செ.மீ.தான். சாந்தன் கம் போன்ற தடிப்பான்கள் சல்லிசாகச் சேர்த்தும் வேலை செய்வது இதனால்தான்: நிற்கும்போது கெட்டி, பிரஷ் பட்டதும் இளகிவிடும். ஆனால் இந்த 100 என்ற எண் ஃபோர்டு கப்பில் தெரியவே தெரியாது. எங்கள் பிளான்ட்டில் வேலூர்க்காரர் ஒருவர் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறார், கலக்கும் குச்சியைத் தூக்கிப் பிடித்து கடைசிச் சொட்டு எப்படி அறுகிறது என்று பார்த்துவிட்டு "சார், இது ஒரு வாரத்துல உக்காந்துரும்" என்பார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தக் கடைசிச் சொட்டு மெதுவாக நகரும் நேரம், அவர் கண்ணால் பார்ப்பது குறைந்த ஷியரைத்தான்.

சஸ்பென்ஷனில் இன்னொரு விஷயம், திரவத்தில் துகள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு என்றால் ஐன்ஸ்டீன் சூத்திரம் போதும், துகளின் கன அளவுப் பங்கை 2.5-ஆல் பெருக்கி ஒன்றோடு கூட்டினால் பாகுத்தன்மை எத்தனை மடங்கு ஏறும் என்று வந்துவிடும். (1906-ல் அவர் வெளியிட்டபோது அந்த 2.5 இருந்த இடத்தில் 1 இருந்தது! பாரிஸில் பெர்ரனின் ஆய்வகத்தில் பான்சலின் அளந்து பார்த்தபோது ஒத்துவரவில்லை, அப்புறம் ஐன்ஸ்டீனோடு வேலை செய்த ஹோப்ஃப் கணக்கைத் தோண்டிப் பிழையைப் பிடித்தார், 1911-ல் திருத்தம் வந்தது. விஸ்காமீட்டர் ஐன்ஸ்டீனையே திருத்திய கதை, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) பங்கு ஏற ஏற சூத்திரம் கைகொடுக்காது. உருண்டைத் துகள்கள் நெருங்கி அடைந்து கிட்டத்தட்ட 64 சதவீதம் வந்துவிட்டால் ஓட்டமே நின்றுவிடும். அதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சதவீதம் நிறமி கூடினாலும் பம்ப் மாட்டிக்கொள்ளும்.

பாலிமருக்கு வேறு கணக்கு. சங்கிலி ஒரு அளவுக்கு மேல் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டால், உருகிய நிலையில் அதன் பாகுத்தன்மை மூலக்கூறு எடையின் 3.4 அடுக்காக ஏறும். எடை இரண்டு மடங்கானால் பாகுத்தன்மை பத்து மடங்குக்கு மேல்! அதனால்தான் பாலிமர்க்காரர்கள் ஓட்டத்தை அளந்தே சங்கிலி நீளத்தை ஊகித்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் தொழிலில் மெல்ட் ஃபுளோ இண்டெக்ஸ் என்று ஒன்று பார்ப்பார்கள், பாலிஎத்திலீனை 190 டிகிரியில் உருக்கி 2.16 கிலோ எடை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வெளியே வருகிறது என்று. அதுவும் ஒற்றைப் புள்ளிதான், ஃபோர்டு கப்புக்கு அண்ணன்.

ஜெல்லுக்கு வந்தால் சுழற்றுவதே தப்பு. சுற்றினால் அதன் வலைப்பின்னல் உடைந்துவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது உடைந்த ஜெல்லை. இங்குதான் ரியோமீட்டர் காசுக்கு மதிப்பு. தட்டை முழுச் சுற்று சுற்றாமல் இப்படியும் அப்படியும் துளியூண்டு ஆட்டும், பொருள் எவ்வளவு வாங்கித் திருப்பித் தருகிறது (ஜி பிரைம்), எவ்வளவு விழுங்கிவிடுகிறது (ஜி டபுள் பிரைம்) என்று இரண்டு எண் தரும். ஆட்டும் அளவை முதலில் கூட்டிக்கொண்டே போய் எங்கே உடைகிறது என்று பாருங்கள், பிறகு அதற்கு நன்றாகக் கீழே நின்று அதிர்வெண்ணை மாற்றுங்கள். நல்ல ஜெல்லில் ஜி பிரைம் மேலேயே கிட்டத்தட்ட படுத்த கோடாக ஓடும். இரண்டு கோடும் வெட்டும் இடமே ஜெல்லாகும் கணம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் அதிர்வெண்ணை மாற்றினால் அந்த வெட்டுப்புள்ளியும் நகரும். விண்ட்டர், ஷாம்போன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் சொன்னது இதைவிட உறுதியானது: இரண்டின் விகிதம் எந்த அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி வரும் கணம் எதுவோ அதுதான்.

களிமண் ஜெல்கள் இன்னும் படுத்தும். லாப்போனைட்டைத் தண்ணீரில் கலந்து வைத்தால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தானாக இறுகிக்கொண்டே போகும். இந்த மாதிரி "வயதாகும்" சரக்கை நம் சதாசிவநகர் ராமன் ஆராய்ச்சி நிலையத்திலேயே ஆராய்கிறார்கள். கலந்து எத்தனை நேரம் ஆயிற்று என்று எழுதாத ரீடிங் இதில் வெறும் குப்பை.

மெஷின் கிடைத்தாலும் சாம்பிள் வைப்பதில்தான் பாதி ரிசல்ட் கெடும். வழவழப்பான தட்டில் ஜெல் ஓடாமல் சும்மா வழுக்கும், திரையில் என்னவோ அழகான கோடுதான் வரும். இடைவெளியை மாற்றி இன்னொரு முறை எடுங்கள், எண் மாறினால் வழுக்கல் என்று அர்த்தம், சொரசொரப்பான தட்டுக்குப் போங்கள். இடைவெளி, பெரிய துகளைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். பெங்களூரில் மார்ச், ஏப்ரலில் காற்று காய்ந்து கிடக்கும்போது நீர்ச் சாம்பிளின் ஓரம் உலர்ந்து ரீடிங்கை ஏற்றிவிடும், மூடி போட்டுச் செய்யுங்கள். அப்புறம் இந்த ஊரில் "ஏசி எதுக்கு, வெதர்தான் நல்லாருக்கே" என்று லேபைத் திறந்து போட்டுவிடுவார்கள். கிளிசரின் ஒரு டிகிரிக்குச் சுமார் 8 சதவீதம் மாறும், டிசம்பர் காலையும் ஏப்ரல் மத்தியானமும் ஒன்றா?

சரி, உங்களிடம் இருக்கும் விஸ்காமீட்டர். அதில் ஷியர் ரேட்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் நிறையச் செய்யலாம். ஒரே ஸ்பிண்டில் (சாம்பிளுக்குள் சுழலும் தண்டு), 25 டிகிரி, கலக்கிய பிறகு எப்போதும் அதே அளவு நேரம் ஓய்வு. முதலில் 6 ஆர்பிஎம், பிறகு 60, 6-ல் வந்ததை 60-ல் வந்ததால் வகுத்து அந்த விகிதத்தையும் எழுதுங்கள். விகிதம் ஒன்றை ஒட்டி வந்தால் தண்ணீர் ஜாதி, கூடக்கூட நிற்கும்போது கெட்டிப்படும் ஜாதி. 60-ல் ஓட்டியபின் உடனே 6-க்கு இறக்கி, பழைய எண் திரும்பிவர எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பாருங்கள். சீக்கிரம் திரும்பினால் சுவரில் வழியாது, ஆனால் பிரஷ் கோடு மறையாமல் நிற்கும். மெதுவாகத் திரும்பினால் கோடு மறையும், வழியும். இதே டப்பாவை மூடி 50 டிகிரி ஓவனில் ஒரு மாதம் வைத்து மறுபடி எடுத்தால், 60-ல் எண் அப்படியே இருந்தும் 6-ல் இறங்கியிருக்கும் பேட்ச் எது என்று தெரிந்துவிடும். அந்த பேட்ச்சை மட்டும் வெளி லேபில் கொடுத்து ரியோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் அனுப்பினால் உங்கள் மேனேஜர் பில்லில் கையெழுத்துப் போடமாட்டார்.