கேரவனா, வேனா? குழந்தைகளோடு மைசூரு, ஊட்டி செல்வோர் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறோம். பெரியவர்கள் ஆறு பேர், குழந்தைகள் மூன்று பேர். கோடை விடுமுறையில் நான்கு நாள் மைசூருவுக்கும் ஊட்டிக்கும் சென்றுவர விரும்புகிறோம். படுக்கை, கழிப்பறை, அடுப்பு எல்லாம் உள்ள கேரவன் ஒன்றை நாளுக்கு 12,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து தருவதாகவும், அறை வாடகை மிச்சமாகும் என்றும் ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். முழுப் பணத்தையும் முன்பே கேட்கிறார். அவர் அனுப்பிய படத்தில் வண்டிக்கு வெள்ளை நம்பர் பிளேட் இருக்கிறது. எங்கள் பட்ஜெட் மொத்தம் 60,000 ரூபாய். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அந்த வெள்ளை நம்பர் பிளேட் ஒன்றே போதுமான காரணம்.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதன் உரிமையாளர் தம் குடும்பத்தோடு அதில் எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டினால் மட்டும், பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிய குற்றமாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் சிறையும் விதிக்க இடமுண்டு. வண்டியையும் பிடித்து வைக்கலாம். அபராதம் ஓட்டியவர்களின் பிரச்சினை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் வண்டியைப் பிடித்து வைத்தால் மைசூருக்கும் ஊட்டிக்கும் இடையே குண்டல்பேட்டை சாலையோரத்தில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கப்போவது உங்கள் பிள்ளைகள். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். சொந்த வண்டிக்கான பாலிசியில் வாடகை உபயோகம் சேராது. விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான். குடும்பம் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய நேரிடும்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுவேன். இவர்களில் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. ஒருவருடைய வண்டியின் படத்தைக் காட்டிப் பணம் வாங்கி, கடைசி நாள் இரவில் “அந்த வண்டி சர்வீஸுக்குப் போய்விட்டது, வேறு அனுப்புகிறேன்” என்று சொல்லி, கிடைத்ததை அனுப்பிவிடுகிறார்கள். முழுப் பணமும் கைமாறிவிட்ட பிறகு, குழந்தைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது, எந்தத் தாய்தான் பயணத்தை ரத்து செய்வார்? அவர்கள் நம்பியிருப்பதே அந்த மனநிலையைத்தான். ஆகவே பேரம் பேசும் முன் வண்டி எண்ணைக் கேளுங்கள். எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் இட்டால் வண்டியின் வகை, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பவை தெரியும். எண் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. அட்வான்ஸாகக் கால் பங்குக்கு மேல் தராதீர்கள், அதையும் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் விரித்துச் சொல்கிறேன். உங்கள் சித்தப்பாவிடமோ மைத்துனரிடமோ வெள்ளை நம்பர் பிளேட் வேன் இருந்து, வாடகை எதுவும் வாங்காமல் அவர் அதை உங்களுக்குக் கொடுத்தால், அது முறையான பயணமே. ஆனால் வாடகை இல்லை என்பது உண்மையாக இருக்க வேண்டும். டீசலை நீங்களே பெட்ரோல் பங்கில் பணம் கட்டி நிரப்பிக்கொள்ளுங்கள். “வேன் வாடகை” என்று குறிப்பிட்டு அவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அவர் மற்ற நாட்களில் அதே வேனைக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு விடுபவராக இருந்தால், உங்களுக்கு மட்டும் இலவசம் என்பதை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், சொந்த வண்டிக்குள் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. முழுமையான பாலிசியாக இருக்க வேண்டும். ஓட்டுபவரின் லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

மஞ்சள் நம்பர் பிளேட்டோடு முறையான கேரவன் கிடைத்தாலும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் நான்கைந்து பேர் படுப்பதற்கானவை; நீங்கள் ஒன்பது பேர். கேரவன் சுற்றுலாவுக்கென்று கேரளம் 2021-இல் கொள்கை வகுத்து, வாகமன் போன்ற இடங்களில் நிறுத்துமிடங்கள் வந்தன. ஆனால் உங்கள் வழியில் தண்ணீர் நிரப்பவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் ஓர் இடம் தேடி நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தவே கூடாது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தச் சாலை மூடப்பட்டிருக்கும். ஊட்டிக் குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்கும் குழந்தைக்கு மூச்சு முட்டுவது அருகில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள 12 இருக்கை டெம்போ டிராவலரும் மூன்று அறைகளுமே உங்களுக்கு ஏற்றவை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிருஷ்ணகிரியிலிருந்து மைசூரு ஏறத்தாழ 240 கிலோமீட்டர், அங்கிருந்து கூடலூர் வழியாக ஊட்டி 155, மேட்டுப்பாளையம், சேலம், தருமபுரி வழியாகத் திரும்பினால் 330, ஊர் சுற்ற 100 என்று வைத்தால் மொத்தம் 825 வருகிறது. டிராவல்ஸ்காரர்கள் நாளுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர் மினிமம் போடுவது வழக்கம். நான்கு நாளுக்கு 300 வீதம் 1,200 கிலோமீட்டருக்குப் பணம் கட்டுவீர்கள். ஓடாத 375 கிலோமீட்டரும் அதில் அடங்கும். கிலோமீட்டருக்கு 22 ரூபாய் என்று கணக்கிட்டால் வண்டிக்கு 26,400. டிரைவர் பேட்டா நாளுக்கு 800 வீதம் 3,200. டோல், கர்நாடக வரி, பார்க்கிங் ஆகியவற்றுக்கு 5,500. அறை ஒன்று 2,500 ரூபாய் என்றால் மூன்று இரவுக்கு 22,500. மொத்தம் 57,600 ஆகிவிடுகிறது. ஒன்பது பேர் சாப்பிட 2,400 ரூபாய்தான் மிஞ்சும்.

ஆகவே மூன்று நாளாகக் குறையுங்கள். மினிமம் 900 கிலோமீட்டர், நீங்கள் ஓடுவது 825. ஏறக்குறைய வீணே இல்லை. வண்டி 19,800, பேட்டா 2,400, டோலும் வரியும் பார்க்கிங்கும் 5,500, இரண்டு இரவு அறை 15,000, ஆக 42,700. சாப்பாட்டுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் 17,300 மிஞ்சும். திரும்பும் நாள் குழந்தைகளுக்கு நீளம்தான். காலையிலேயே மலை இறங்கி, பெருந்துறைப் பக்கம் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் தாங்குவார்கள். மைசூரு மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். வண்டி சேலத்து ஷெட்டிலிருந்து வந்தால், காலியாக வந்து திரும்பும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரமும் உங்கள் பில்லில் ஏறும்.

கர்நாடக வரியைப் பரிவாகன் இணையதளத்தில் செலுத்தி ரசீதை வாங்கித் தரும்படி டிராவல்ஸ்காரரிடம் கேளுங்கள். நாடு முழுவதும் ஒரே சுற்றுலா அனுமதி என்று 2023-இல் விதி வந்த பிறகும் மாநிலத்துக்கு மாநிலம் வரி கட்டவேண்டிய நிலையை எத்தனை காலம்தான் பொறுப்பது? எல்லையில் ரசீதைத் தேடுபவர்கள், உள்ளே மூன்று குழந்தைகள் ஒரே இருக்கையில் நெருக்கப்பட்டிருப்பதை எட்டிப் பார்ப்பதில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருந்தும் இதுவே நிலைமை. ஒன்பது இருக்கையிலும் பெல்ட் வேலை செய்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.

ஊட்டிக்குச் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவு செய்து பெறும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். வரம்பு நிரம்பிவிடலாம் என்பதால், கூட்டம் மிகும் சனி, ஞாயிறைத் தவிர்ப்பது நல்லது. இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. ஏஜென்ட் அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது வண்டி எண்ணின் பேரில் வருவது என்பதால், வண்டியை மாற்றினால் புதிதாக எடுக்க வேண்டும். எண் உறுதியான அன்றே நீங்களே பதிவு செய்து, டிரைவரின் கைப்பேசிக்கும் ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள்.