சிஸ்டரைக் கேளுங்கள்: சிகப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: இன்சுலின் போட இரண்டு விதமான சிரிஞ்ச் இருக்கிறது. இரண்டிலும் 20 என்று கோடு இருக்கிறது. எதில் எடுத்தால் என்ன சிஸ்டர்?
– முதலாம் ஆண்டு நர்சிங் மாணவி, பண்ருட்டி

என்னவா? தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வலை பின்னிக்கொண்டிருந்தவர். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் பாட்டிலைப் பாலித்தீன் பையில் கட்டி மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருப்பார். (கெட்டிக்காரத்தனம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.) காலையில் 20 யூனிட் என்று எழுதியிருந்தது. போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. 30 ஆக்கினார்கள். அப்போதும் இறங்கவில்லை. “ஐஸ் இல்லாத மீன் மாதிரி மருந்தும் கெட்டுப்போச்சு போல” என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

அப்புறம் காலில் புண் வந்து வார்டில் சேர்ந்தார். மருந்துச் சீட்டில் எழுதியிருந்தபடியே 30 யூனிட் போட்டோம். பதினொரு மணி வாக்கில் பனியன் நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. சர்க்கரை 48க்கு இறங்கிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆளை எழுப்பினோம். அவருடைய மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தால், உள்ளே அத்தனையும் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

சிகப்பு மூடி, 1 மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 1 மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு. ஆரஞ்சில் 20 என்ற கோடு வெறும் 0.2 மில்லிதான். பெரியவருடையது 40 மருந்து; அதை அதில் இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். 30 என்று ஏற்றி எழுதியபோதும் அவருக்குப் போனது 12. வார்டில் சிகப்பில் எடுத்தோம், முழு முப்பதும் போய்விட்டது. இதையே திருப்பிப் பார்: 100 மருந்தைச் சிகப்பில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போகும். வீட்டில் தனியாக இருக்கிறவராக இருந்தால் யார் எழுப்புவது?

கழற்றிய மூடி குப்பையில் கிடக்கும், அதனால் நிறத்தை மட்டும் நம்பாதே. சிரிஞ்சின் உடம்பிலேயே 40 அல்லது 100 என்று அச்சிட்டிருக்கும். பாட்டில் லேபிளில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்மிஷனில் “எத்தனை யூனிட் போடுறீங்க?” என்று கேட்பதோடு நிறுத்தாதே. “எதுல போடுறீங்க, காட்டுங்க ஐயா” என்று கேள்.

கேள்வி: மருந்துப் பெயர்கள் மனதில் நிற்கவே இல்லை. இரவெல்லாம் படித்தாலும் காலையில் காலி.
– மாணவி, நெல்லிக்குப்பம்

பெயரின் வாலைப் பிடி. ஊர்ப்பெயரில் பட்டினம் என்று முடிந்தால் கடற்கரை என்று நினைக்கிறோம் இல்லையா, அதே மாதிரி. ‘லால்’ என்று முடிந்தால் (அட்டினலால், மெட்டோபிரோலால்) நாடித்துடிப்பைக் குறைக்கும், கொடுக்கும் முன் நாடி பார். ‘பிரில்’ என்றால் பிரஷர் மருந்து, சிலருக்கு வறட்டு இருமல் வரும். ‘பிரசோல்’ வயிற்று அமிலத்துக்கு, சாப்பாட்டுக்கு முன். ‘ஸ்டாட்டின்’ கொழுப்புக்கு.

ஆனால் குப்பம் என்ற பெயரை நம்பி உங்கள் ஊரில் கடலைத் தேடினால் கரும்பாலைதான் கண்ணில் படும். நிஸ்டாட்டினும் அப்படித்தான். ஸ்டாட்டின் என்று முடிகிறது, வேலை செய்வது பூஞ்சைக்கு.

கேள்வி: லேபிளை மூன்று முறை படிக்கச் சொல்கிறார்கள். முப்பது பேருக்கு ஊசி போடும்போது அதெல்லாம் நடக்கிற காரியமா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், கடலூர் முதுநகர்

நடக்கும் தம்பி. நானும் உன்னைப் போல அலுத்துக்கொண்டவள்தான். மாணவியாக இருந்தபோது ஒரு நைட் டூட்டி, விடிய ஒரு மணி நேரம் இருக்கும். ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க டிரேயிலிருந்து ஒரு ஆம்பியூலை (மருந்து அடைத்த சின்னக் குப்பி) எடுத்து உடைத்துவிட்டேன். பக்கத்தில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்த சீனியர் சிஸ்டர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“எதுல கரைக்கிற?”

“தண்ணியில சிஸ்டர்.”

“படி.”

படித்தேன். பொட்டாசியம் குளோரைடு. பார்வைக்கு அதுவும் தண்ணீர்தான். 10 மில்லி ஆம்பியூலில் 20 மில்லிஈக்விவலன்ட் (mEq, உப்பின் அளவைச் சொல்லும் அலகு) இருக்கும். டிரிப்ஸில் கலந்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டியது. நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அவர் திட்டவே இல்லை. அந்த ஆம்பியூலை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு எழுதப் போய்விட்டார். அன்றைக்கு வந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

எடுக்கும்போது ஒன்று, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒன்று, நோயாளியிடம் போகும் முன் ஒன்று. மொத்தம் பத்து விநாடி ஆகுமா? அங்கே போனதும் “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்காதே. காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டு, கையிலிருக்கும் பட்டையையும் பார்.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் 6 மில்லி என்று டாக்டர் சொன்னார். கடையில் வேறு பாட்டில் கொடுத்துவிட்டார்கள். அதே 6 மில்லி கொடுக்கலாமா?
– ஒரு தாய், வில்லியனூர்

வேண்டாம்மா. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றிருந்தால் 6 மில்லிக்கு 150 வரும். 250 என்றிருந்தால் அதே 6 மில்லியில் 300 போய்விடும். சொட்டு மருந்தாக இருந்தால் 1 மில்லியிலேயே 100 இருக்கும். பாட்டிலில் இருப்பதைப் போனில் டாக்டருக்குப் படித்துக் காட்டிவிட்டு, அவர் சொல்வதைக் கொடுங்கள். வீட்டு ஸ்பூனை எடுக்காதீர்கள், பாட்டிலோடு வரும் அளவு மூடி போதும்.

கேள்வி: டிரிப்ஸை அளவாக ஏற்றும் மிஷின், இன்ஃப்யூஷன் பம்ப், இருக்கும்போது சொட்டுக் கணக்கு எதற்கு?
– மாணவி, பாகூர்

2011 டிசம்பர் 30, தானே புயல். நீ சின்னப்பிள்ளையாக இருந்திருப்பாய். கரண்ட் போய், பம்ப்பின் பாட்டரியும் தீர்ந்து, டார்ச்சை டிரிப் சேம்பருக்கு (சொட்டு விழுவது தெரியும் சின்னக் குழாய்) பின்னால் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணினோம். 500 மில்லி, எட்டு மணி நேரம், 1 மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் டியூப் செட். 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. மைக்ரோ செட்டில் 1 மில்லிக்கு 60 சொட்டு, அதில் கணக்கே வேண்டாம்: மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. எந்த செட் என்று கவரைக் கிழிக்கும் முன் படித்துவிடு.

கேள்வி: டாக்டர் போனில் டோஸ் சொன்னால் எப்படி எழுதுவது?
– மாணவர், புதுச்சேரி

எழுதிக்கொண்டு, எழுதியதை அப்படியே அவருக்குத் திருப்பிப் படி. ‘ஃபிஃப்டீன்’ போனில் ‘ஃபிஃப்டி’ மாதிரிக் கேட்கும். “ஒன் ஃபைவ்தானே டாக்டர்?” என்று உடைத்துக் கேள். பதினைந்து, ஐம்பது என்று தமிழில் சொல்லிவிட்டால் இந்த வம்பே இல்லை, ஆனால் எந்த டாக்டர் சொல்கிறார்!