ஒரே சர்வரில் ஒரு சேவையை மட்டும் எப்படிப் பிரித்து வைப்பது?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் இருப்பது டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவிய ஒரே சர்வர், 4 ஜிபி ரேம். கணக்குத் தரவுத்தளமும் பிஎச்பி 5.6-இல் எழுதிய ஆர்டர் பதிவு மென்பொருளும் அதில்தான் ஓடுகின்றன. ஆர்டர் பக்கத்தை வாடிக்கையாளர்கள் வெளியிலிருந்து திறக்கிறார்கள். அதை மட்டும் தனியே பிரிக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினுக்கு ரேம் போதாது. என்ன செய்யலாம்?

பதில்: உடனே பிரித்துவிடுங்கள். பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. அதிலுள்ள ஓட்டை வழியாக நுழைபவருக்கு உங்கள் கணக்குத் தரவுத்தளம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

உங்களுக்கு ஏற்றது எல்எக்ஸ்சி கன்டெய்னர், அதாவது லினக்ஸிலேயே ஒரு சேவையைத் தனி அறைபோல அடைத்து வைக்கும் முறை. அது தனக்கென்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்துக்கொள்வதில்லை. சர்வரின் கெர்னலிலேயே ஓடும். உள்ளே இயங்கும் புரோகிராம்களுக்கு மட்டுமே ரேம் செலவாகும். டாக்கர் என்ற பிரபலமான கன்டெய்னர் மென்பொருளும் இதே அடிப்படையில் இயங்குவதுதான். ஆனால் டாக்கர் வெளியே திறந்துவிடும் போர்ட்களை யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் விதிகள் தடுப்பதில்லை. ஒரே ஒரு சேவைக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

பழைய மென்பொருளுக்குப் பழைய டெபியன் 8-தான் பொருந்தும் என்று பலர் அதையே கன்டெய்னருக்குள் போடப் பார்க்கிறார்கள். அது எழும்பாது. டெபியன் 12 பயன்படுத்துவது சிகுரூப் (புரோகிராம்களுக்கு ரேம், சிபியு பங்கிடும் கெர்னல் வசதி) இரண்டாம் பதிப்பை. 232-க்கு முந்தைய சிஸ்டம்டி (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) பதிப்புகளுக்கு அது புரியாது, டெபியன் 8-இல் இருப்பதோ 215. ஆகவே உள்ளேயும் டெபியன் 12-ஐயே நிறுவி, பிஎச்பி 5.6-ஐ மட்டும் டெபியன் டெவலப்பர் ஒன்ட்ரே சூரி நடத்தும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர்களுக்கான தரவுத்தளமும் உள்ளேயே இருக்கட்டும்.

கன்டெய்னரை உருவாக்கும்போதே ‘அன்பிரிவிலேஜ்டு’ (சிறப்பு அதிகாரமற்ற) வகையாக உருவாக்குங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். உள்ளே இருக்கும் ரூட்டின் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகப் பயனர்) எண் 0. வெளியே சர்வரின் கண்ணுக்கு அதே ஆள் 100000 என்ற எண்ணுடைய, எந்த அதிகாரமும் இல்லாத பயனர். தாக்குபவர் உள்ளே ரூட் ஆகி எப்படியோ தப்பி வெளியே வந்தாலும் அந்த வெறும் பயனராகத்தான் வந்து நிற்பார்.

இதன் விளைவு ஒன்று உங்களைக் குழப்பலாம். சர்வரிலுள்ள ஆர்டர் கோப்புறையைக் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்தால், கோப்புகளின் உரிமையாளர் ‘நோபடி’ என்று தெரியும், பிஎச்பியால் எழுத முடியாது. பதறிப்போய் 777 அனுமதி (யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத, இயக்கலாம்) கொடுத்துவிடாதீர்கள். உள்ளே வெப் சர்வரின் எண் 33. ஆகவே வெளியே 100033. கோப்புறையின் உரிமையை அந்த எண்ணுக்கு மாற்றினால் போதும்.

அடுத்தது நெட்வொர்க். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பார்கள். கன்டெய்னரிலிருந்து சர்வருக்குப் போகும் வழி திறந்தே கிடக்கும். கன்டெய்னரைச் சர்வருடன் இணைக்க எல்எக்ஸ்சி வழக்கமாக அமைக்கும் பிரிட்ஜ் என்ற உள் நெட்வொர்க்கில் சர்வரின் முகவரி 10.0.3.1. உங்கள் கணக்குத் தரவுத்தளம் எல்லா முகவரிகளிலும் காது கொடுத்துக்கொண்டிருந்தால், கன்டெய்னருக்குள் இருந்தபடியே அதன் கதவைத் தட்டலாம். எனவே அதை 127.0.0.1-இல் (சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் இயங்கச் செய்யுங்கள். பிறகு லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், பிரிட்ஜிலிருந்து சர்வருக்கு வருவனவற்றில் டிஎன்எஸ் (பெயரிலிருந்து முகவரி அறிவது), டிஎச்சிபி (முகவரி பெறுவது) இரண்டை மட்டும் அனுமதித்து மற்றதைத் தடுங்கள். அலுவலகக் கணினிகளுக்குச் செல்லும் பாதையையும் அடைத்துவிடுங்கள். வாடிக்கையாளர்களுக்காக 443-ஆம் (எச்டிடிபிஎஸ்) போர்ட்டை மட்டும் உள்ளே திருப்பிவிட வேண்டும்.

கன்டெய்னரின் மெமரி வரம்பை 1 ஜிபி என்று வைத்துத் தொடங்கலாம்.

கெர்னல் பொதுவானது என்பதால் அதில் ஓட்டை இருந்தால் இந்தத் தடுப்புகள் அத்தனையும் வீணாகலாம். 2022-இல் வெளிவந்த டர்ட்டி பைப் அப்படிப்பட்டதுதான். சர்வரின் கெர்னல் திருத்தங்களை வந்தவுடன் நிறுவி, மறக்காமல் ரீபூட் செய்யுங்கள். ரீபூட் ஆகும்வரை ஓடுவது பழைய கெர்னல்தான்.

வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடும் முன், கன்டெய்னருக்குள் நுழைந்து 10.0.3.1-இன் 3306 (மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம்), 22 (எஸ்எஸ்எச் நுழைவு) ஆகிய போர்ட்களுடன் இணைந்து பாருங்கள். இரண்டில் ஒன்று பதில் சொன்னாலும் விதிகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.