பூஜ்யம் பதிந்தும் பணம் பிடிக்கப்படுவது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் பட்டுவாடா நிரல் எழுதியிருக்கிறேன். தீவனக் கடன் பிடித்தம் பதிவாகாத உறுப்பினருக்கு 200 ரூபாய் என்று வைத்தேன். கடனே இல்லாதவர்களுக்கு 0 என்று பதிந்திருந்தும் 200 ரூபாய் பிடிக்கிறது. என்ன காரணம்?

பதில்: நீங்கள் அனுப்பிய வரி இது: பிடித்தம் = தொகை || 200. இந்த || குறி, இடப்பக்கத்தில் மதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அது பொய்யாகக் கொள்ளத்தக்கதா என்றே பார்க்கிறது. பூஜ்யமும் வெற்றுச் சரமும் (எழுத்து எதுவும் இல்லாத உரை) ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்படிக் கொள்ளப்படுவதால், நீங்கள் தெரிந்தே பதிந்த 0 தள்ளப்பட்டு 200 வந்து உட்கார்ந்துவிடுகிறது.

2020ஆம் ஆண்டுத் தரநிலையில் சேர்ந்த ?? குறியைப் பயன்படுத்துங்கள். பிடித்தம் = தொகை ?? 200 என்று எழுதினால், தொகை 'நல்' (null, மதிப்பு இல்லை என்று குறித்தது) ஆகவோ 'அன்டிஃபைன்ட்' (undefined, மதிப்பே தரப்படாதது) ஆகவோ இருக்கும்போது மட்டுமே 200 வரும். பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும். ஒரே கணக்கீட்டுக் கோவையில் (expression) ?? குறியையும் || குறியையும் அடைப்புக்குறி இல்லாமல் கலந்தால் நிரல் ஓடவே ஓடாது.

செயற்கூறு (function) வெளியிலிருந்து வாங்கும் மதிப்புக்கான பெயராகிய அளபுருவிலேயே (தொகை = 200) என்று எழுதுவது இங்கே போதாது. அந்த இயல்பு மதிப்பு 'அன்டிஃபைன்ட்' வந்தால்தான் செயல்படும். தரவுத்தளத்தில் காலியாக உள்ள கட்டமோ பெரும்பாலும் 'நல்' ஆகவே வந்து சேரும். 1500 ரூபாயிலிருந்து 'நல்' கழிக்கப்பட்டால் பிழைச்செய்தி எதுவும் வராமல் 1500 என்றே விடை கிடைக்கும் என்பதால், தவறு கண்ணில் படாமலே போகலாம். படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டத்தை எண்ணாக மாற்றினாலும் 0 தான் கிடைக்கும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே அது வெறுமையா என்று பார்த்துவிட வேண்டும்.

அதற்காக || குறியை ஒதுக்கிவிட வேண்டாம். தமிழும் மலையாளமும் புழங்கும் உங்கள் ஊரில், ரசீது மொழி வெற்றுச் சரமாக இருந்தால் தமிழில் அச்சிட வேண்டும் என்றால், மொழி || "தமிழ்" என்பதே சரி; ?? குறி வெற்றுச் சரத்தை அப்படியே விட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவே இல்லாத ஒருவரிடம் 200 ரூபாய் பிடிப்பதை நான் ஏற்க மாட்டேன். பணம் தொடர்பான கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பட்டியலை நிறுத்திவைத்துச் சங்கச் செயலாளரிடம் கேட்கும்படி எழுதுங்கள். தொகை 0 என்று பதிந்திருந்தும் பணம் பிடிக்கப்பட்டவர்களைப் பழைய பட்டியல்களில் தேடியெடுத்து, அடுத்த பட்டுவாடாவிலேயே திருப்பித் தர ஏற்பாடு செய்யுங்கள்.