அந்தத் தெரு வழியாகப் போங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு ‘கியூபன் ஃபியூரி’ என்ற பிரிட்டிஷ் படத்தை மனைவியுடன் பார்த்தேன். சல்சா நடனத்தை வைத்து எடுத்த காதல் நகைச்சுவை. சிறுவயதில் சல்சா போட்டிகளில் பரிசுகளாக வாங்கிக் குவித்த பையன், தெருவில் சில பையன்கள் அடித்து அவமானப்படுத்தியதால் ஆட்டத்தை விட்டுவிடுகிறான். இருபத்தைந்து வருடம் கழித்து, புதிதாக வந்த மேலதிகாரிப் பெண்ணுக்கு சல்சா பிடிக்கும் என்று தெரிந்ததும் மறுபடி ஆட வருகிறான். சிரித்துக்கொண்டே பார்த்த நான் ஓரிடத்தில் அழுதுவிட்டேன். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை நான் பரதம் கற்றவன். பள்ளிக்கூடத்துக் கேலி தாங்காமல் நிறுத்தினேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என் மனைவிக்கே இது அன்றுதான் தெரியும். (எங்கள் டீச்சர் இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.)

மூன்று கேள்விகள். நாற்பத்தைந்து வயதில், இந்தத் தொந்தியோடு, மறுபடி ஆட வருமா? குண்டாக இருப்பவரை வைத்துச் சிரிக்க வைப்பது சரியா? சல்சா போன்ற ஸ்பெயின் நாட்டு நடனம் நம் உடம்புக்கு ஒத்துவருமா?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை நேற்று இரவு இரண்டு தடவை படித்தேன். வழக்கமாக சினிமா பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஒரு மாதமாகவே மனதில் கிடந்து அரிக்கிற விஷயம் ஒன்று இதில் இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மூன்றாவது கேள்வி. சல்சாவை ஸ்பெயின் நாட்டு நடனம் என்று இன்னொரு தடவை யாரிடமும் சொல்லாதீர்கள். பாட்டு ஸ்பானிஷில் இருந்தால் ஆட்டமும் ஸ்பெயினிலிருந்து வந்ததாகிவிடுமா? கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்தது ‘சோன்’ என்ற இசை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளம் அதன் முதுகெலும்பு. இரண்டு சிறு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ‘கிளாவே’ என்ற ஐந்து தட்டு, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு, அதன் மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. அது ஹவானா வழியாக நியூயார்க் போனது. 1950களில் அங்கே பல்லேடியம் என்ற நடனக் கூடத்தில் மச்சிட்டோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோட்ரிகஸ் ஆகியோரின் குழுக்கள் வாசிக்க, போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் கறுப்பர்களும் யூதர்களும் இத்தாலியர்களும் ஒரே தரையில் ஆடினார்கள். 1964இல் ஜானி பச்சேகோ என்ற இசைக்கலைஞரும் ஜெர்ரி மசூச்சி என்ற வக்கீலும் ஃபானியா என்ற இசைத்தட்டு கம்பெனியைத் தொடங்கினார்கள். சல்சா என்ற பெயர் உலகமெல்லாம் பரவியதில் அந்தக் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சொல்லுக்கு வெறும் குழம்பு என்றுதான் அர்த்தம். சரி, இது நம் உடம்புக்கு வருமா என்றால், வரும். எட்டு எண்ணிக்கையில் ஆறு அடி. நாலிலும் எட்டிலும் புது அடி கிடையாது. ஆறு வருடம் தட்டடவு போட்ட கால் உங்களுடையது. இதைக் கேட்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

இரண்டாவது கேள்வியைத் தள்ளுங்கள். நாயகனாக நடித்த நிக் ஃபிராஸ்டின் மனதில் உதித்த யோசனைதான் அந்தப் படம். மாதக்கணக்கில் வியர்வை சிந்திப் பயிற்சி எடுத்துத்தான் ஆடியிருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் சக ஊழியனோடு அவர் போட்டி போட்டு ஆடும் காட்சியில் யாரும் தொந்தியைப் பார்ப்பதில்லை.

நீங்கள் எந்த இடத்தில் அழுதீர்கள் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும். 1987இல் அந்தப் பையன் பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகும் வழியில் மாட்டிக்கொள்கிறானே, சட்டையில் தைத்த சமிக்கியை அவன் வாயிலேயே திணித்துத் தின்ன வைக்கிறார்களே, அங்கேதான். எல்லோரும் அங்கேதான் அழுவார்கள். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கவில்லை. அன்றைக்கு இன்னொரு இடத்தில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தாரே, அவர் நினைப்பாகவே இருந்தது எனக்கு. ரான் பார்ஃபிட் என்ற அந்த வாத்தியார். இயன் மக்‌ஷேன் நடித்திருக்கிறார். ஆட வேண்டிய பையன் வரவில்லை. வருடங்கள் கழித்து, வளர்ந்து பருத்து, கடைசல் இயந்திரம் வடிவமைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு மனிதனாக அவர் முன்னால் போய் நிற்கிறான். அவர் கட்டிப்பிடித்து வரவேற்கவில்லை. அந்த முகத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். படத்தில் காதல் என்று ஒன்று இருக்குமானால் அது அந்த இரண்டு பேருக்கும் இடையில்தான். மேலதிகாரிப் பெண்ணின் கதை எல்லாப் படத்திலும் வருகிற கதைதான். அதை விட்டுவிடலாம்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கேலி செய்த பையன்கள், பள்ளிக்கூடம், தொந்தி, வயது என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, டீச்சரை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். முப்பத்திரண்டு வருடமாக ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களே, எம். கேலி செய்தவர்களைப் பார்த்து நீங்கள் ஒளியவில்லை, அவர்களில் பாதிப் பேரோடு இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரே ஆளைப் பார்த்து ஒளிகிறீர்கள். இதை நான் கோபமாகச் சொல்கிறேன் என்றால், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு ஒயிலாட்டம் உண்டு. சாப்பாடு முடிந்து ராத்திரி எட்டு மணிக்குச் சாவடி முன்னால் பழக்குவார்கள். வரிசைக்கு எட்டு பேர், இரண்டு வரிசை, கையில் துணி, காலில் சலங்கை. வாத்தியாருக்கு அறுபது வயதுக்கு மேலே இருக்கும். பகலில் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர். மாட்டைச் சாய்த்துக் கிடத்திவிட்டு, ஆணிகளை உதட்டில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். வாயில் ஆணி இருக்கும்போதே அன்றைய பாட்டை முனகுவார். ராத்திரி அதே பாட்டைக் கணீரென்று எடுப்பார். நான் தப்பாகக் கால் வைத்தால் திட்ட மாட்டார், கிட்டே வந்து குனிந்து என் கணுக்காலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போவார். இரும்பு வாசனை அடிக்கிற, காய்ப்புக் காய்த்த கை. இடது வரிசையில் இரண்டாவது இடம் என்னுடையது.

என் வகுப்புப் பையன் ஒருத்தன் பக்கத்து ஊரிலிருந்து வந்தவன் பார்த்துவிட்டான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் “சலங்கை கட்டுன பொண்ணு வருது” என்றான். அவ்வளவுதான். உங்களுக்கு நடந்ததில் பாதிகூட இல்லை. அன்று ராத்திரி நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். நான் குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். “தம்பிக்கு உடம்புக்கு முடியலையா தாயி?” என்று கேட்டார். படிப்பு இருக்கிறதாம் என்றாள் அம்மா. “படிக்கட்டும், படிக்கட்டும். அவன் எடத்த அப்படியே வச்சிருக்கேன். வரும்போது வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு வரிசையும் நிறைந்திருந்தது. எனக்குப் பதிலாக யாரைச் சேர்த்தார் என்று எட்டிப் பார்த்தால், இடது வரிசையில் இரண்டாவதாக அவரே நிற்கிறார். நரைத்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு நடுவே, குனிந்து நிமிர்ந்து ஆடுகிறார். முன்னால் நின்று பாட்டெடுக்க அன்றைக்கு அவர் மகனை விட்டுவிட்டார். வரிசையில் ஓர் ஆள் குறைந்தால் எதிர் வரிசைக்கு ஜோடி இருக்காது, அதனால் ஆடினார் என்று இன்றைக்கு எனக்குச் சமாதானம் சொல்லலாம். ஊரில் வேறு பையனா இல்லை?

அதற்குப் பிறகு அவர் லாடம் அடிக்கும் வேப்பமரத்தடி வழியாக நான் போனதே இல்லை. உங்களைப் போலவேதான். பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போவேன். படித்தேன், சென்னைக்கு வந்தேன், அவர் இறந்த செய்தி ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. போன மாதம் ஊர்ப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் பேரன் முன்னால் நின்று பாட்டெடுத்தான். தப்பாக வைத்த பையனின் கணுக்காலை, பாட்டை நிறுத்தாமலே, குனிந்து பிடித்து நகர்த்தி வைத்தான். நான் அங்கே நிற்க முடியாமல் காருக்கு வந்துவிட்டேன்.

நியூயார்க்கில் எட்டி டோரஸ் என்று ஒருவர். கிளப்புகளில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றவர், பிறகு டிட்டோ புவெந்தேயின் குழுவோடு மேடைகளில் ஆடினார். எந்த எண்ணிக்கையில் கால் போகிறது என்று அவருக்கே சொல்லத் தெரியாது. ஜூன் லபெர்ட்டா என்ற நடன ஆசிரியைதான் அவருக்கு அந்தக் கணக்கை எடுத்துச் சொல்லி, நீ கற்றுக்கொடு என்று தள்ளிவிட்டார். இரண்டாம் தட்டில் திரும்பும் நியூயார்க் பாணியை அப்புறம் டோரஸ் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று உலகத்தில் எந்த மூலையில் சல்சா வகுப்புக்குப் போனாலும் “ஒன், டூ, த்ரீ” என்று ஒருவர் எண்ணுகிறாரே, அந்தக் குரலுக்குப் பின்னால் இப்படி ஒருவரின் கையை இன்னொருவர் பிடித்த கதைகள்தான் இருக்கின்றன. எண்ணிக்கை யாருக்கும் தானாக வந்துவிடுவதில்லை, எம். உங்களுக்குத் ‘தையா தை’ என்று தட்டுக்கழியால் தட்டிக்காட்டியவர் நாலு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறார்.

அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். உங்களை அடையாளம் தெரியாமல் போகலாம். தெரிந்து, பேசாமல் இருக்கலாம். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள், அது நமக்குச் சேர வேண்டியதுதான். வயதாகிவிட்டது, குண்டாகிவிட்டேன் என்று அங்கே போய் ஆரம்பிக்காதீர்கள். கேலி செய்தார்கள் என்ற கதையையும் முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். சொல்லாமல் நின்றுவிட்டேன் டீச்சர் என்று சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாயங்கால வகுப்பு முடிந்து பிள்ளைகள் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

இந்த வாரமே போங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள். சல்சா வகுப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம்.